கோழியூரில் கோழிக்குக் காவல்



உரம், பூச்சிமருந்து, நாற்றங்கால் எல்லாவற்றையும் இன்றைக்கு ஒரு நாள் ஒதுக்கி வெச்சிட்டு, கோழித் திருடர்களைப் பற்றிப் பேசலாம். ரெண்டு கால் திருடனைச் சொல்லவில்லை. அவனைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். நாலு காலில் வருகிறவன், சிறகோடு வருகிறவன், காலே இல்லாமல் வருகிறவன், இவர்கள்தான் நம்ம பேச்சு. புறக்கடைக் கோழி என்பது சின்ன விஷயம் இல்லீங்க. பெரும்பாலான வீடுகளில் நெல் விற்ற பணம் ஆண்கள் கைக்குப் போகும். முட்டைக் காசும் சேவல் விற்ற காசும்தான் பெண்கள் கையில் நிற்கும். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், திடீரென்று வந்த காய்ச்சலுக்கு மருந்து, எல்லாம் அந்தக் காசில்தான். ஒரு ராத்திரியில் பத்துக் கோழி போனால், போனது அந்த அம்மாவின் சேமிப்பு.

இதைத் திருச்சியில் வைத்துப் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. இன்றைக்குத் திருச்சி மாநகரத்துக்குள் அடங்கிக் கிடக்கிற உறையூர் முற்காலச் சோழர்களின் தலைநகரம். அந்த ஊருக்குப் பழைய பேர் கோழி. கோழியூர் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சோழ ராஜா ஒருவன் யானை மேல் வந்துகொண்டிருந்தான். ஒரு இடத்தில் எங்கிருந்தோ வந்த கோழி ஒன்று யானை மேல் பாய்ந்து குத்த, யானை தாங்காமல் பின்வாங்கியது. இந்த மண்ணுக்கு ஏதோ வலிமை இருக்கிறது என்று ராஜா அங்கேயே தலைநகரம் அமைத்தான் என்பது ஐதீகம். உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலில், கோழி யானையை எதிர்க்கும் சிற்பமே இருக்கிறது. போனால் பாருங்கள். பழந்தமிழில் வாரணம் என்ற ஒரே சொல் யானைக்கும் பேர், கோழிக்கும் பேர். அதிலிருந்து கதை பிறந்ததா, கதையிலிருந்து ஊர்ப்பேர் பிறந்ததா என்பதைப் புலவர்களிடம் விட்டுவிடுவோம்.

வைணவர்களுக்கும் அது திருக்கோழிதான். அங்கே கமலவல்லி நாச்சியார் கோயில் கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் பங்குனியில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் வந்து நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுகிறார். ஆக ரங்கநாதருக்கு மாமியார் வீடு கோழியூர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கோழி மேல் தமிழனுக்கு இருந்த மதிப்பு ஊர்ப்பேரோடு நின்றுவிடவில்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கு நடுகல் எடுத்திருக்கிறார்கள். சுமார் 1,500 வருஷத்துக்கு முந்தின கல். போரில் செத்த வீரனுக்குச் செய்கிற மரியாதையைச் சேவலுக்குச் செய்து, அது எந்தச் சேரிக் கோழி என்று எழுத்திலும் வெட்டி வைத்தார்கள்.

சரி, யானையையே விரட்டின ஜாதி, ஒரு முழ நீளமுள்ள மரநாய்க்கு ஏன் பலியாகிறது? காரணம் கண். பகலில் கோழிக்குக் கண் நன்றாகத் தெரியும். பொழுது சாய்ந்தால் அதற்குப் பார்வை மங்கிவிடும். இருட்டில் தொட்டாலும் நகராது, உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தை நீட்டிக் கொடுக்கும். காட்டில் இருந்த காலத்தில் இதற்கு அது ஒரு வழி வைத்திருந்தது. நம் வீட்டுக் கோழியின் மூதாதை செம்மயிர்க் காட்டுக்கோழி. தென்கிழக்கு ஆசியாவில், நெல்லும் சிறுதானியமும் விதைத்த மக்களின் தானியத்தைப் பொறுக்க வந்து, சுமார் 3,500 வருஷத்துக்கு முன்னால் அது வீட்டோடு சேர்ந்தது என்று 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. நம்ம மலைகளில் இருக்கிற சாம்பல் காட்டுக்கோழியின் ரத்தமும் அதில் கலந்திருக்கிறது. கோழிக் காலில் தெரிகிற மஞ்சள் நிறம் அங்கிருந்து வந்தது. இந்தக் காட்டுக்கோழிகள் பொழுது போனால் மரக்கிளை ஏறிவிடும். நம்ம சிறுவிடைக் கோழி இன்றைக்கும் முருங்கை மரம் ஏறுகிறதே, அது அந்தப் பழைய புத்தி.

ஆனால் எடை கூட்டி வளர்த்த ரகங்களுக்கு அந்த வித்தை வராது. ஐதராபாத்தில் உருவாக்கின வனராஜா போன்ற ரகங்கள் நல்ல இறைச்சி கொடுக்கும், முட்டையும் கொடுக்கும். உடம்பு கனம், பருந்து வந்தால் சிறுவிடை மாதிரி பறந்து தப்பத் தெரியாது. அரசு கொடுத்த குஞ்சு எல்லாம் போச்சு என்று சில பேர் வருத்தப்படுவார்கள். குஞ்சின் மேல் குற்றம் இல்லை. கூடு இல்லாமல் குஞ்சு வாங்கினதுதான் குற்றம்.

நம்ம பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. குஞ்சுக்குப் பஞ்சாரம், பெரிய கோழிக்கு மண்ணில் கட்டின குடாப்பு. திண்ணைக்குப் பக்கத்தில் தடித்த மண்சுவர், மேலே மண் மூடி, கீழே ஒரு கோழி மட்டும் நுழைகிற வாசல், அதை அடைக்க ஒரு பலகை அல்லது கல். அசிங்கமாகத் தெரியும், உள்ளே காற்றோட்டம் குறைவு, பேன் பிடிக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் வாசலை அடைத்துக் கல்லை நகர்த்தி வைத்துவிட்டால், மரநாய் விடிய விடியச் சுற்றி வந்தாலும் வழி கிடைக்காது. மச்சு வீடு வந்தது, திண்ணை போனது, குடாப்பும் போனது. இன்றைக்குக் கோழி மோட்டார் சைக்கிள் மேலேயும் மாட்டுக்கொட்டகைக் கயிற்றிலும் தூங்குகிறது.

இனி ஆளைக் கண்டுபிடிப்பதற்கு வருவோம். இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். செத்த கோழியைப் பார்த்ததும் ஆத்திரத்தில் ஒரு பேரைச் சொல்லிவிடுகிறோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பகலா ராத்திரியா என்பது. அடுத்தது, உடம்பு கிடக்கிறதா, காணாமல் போனதா.

பகலில் குஞ்சு குறைந்து, ஒரு இறகுகூடக் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் பருந்து. நம்ம பக்கம் கரும்பருந்தும் உண்டு, செம்பருந்து என்கிற கருடனும் உண்டு. ஒரே இடத்தில் இறகு வட்டமாகப் பிய்த்துப் போட்டுக் கிடந்தால் வல்லூறு. முட்டையில் ஓட்டை போட்டிருந்தால் காக்கை. பகலில் தாய்க்கோழியே கழுத்தில் கடிபட்டுக் கிடந்தாலோ, வேலி ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தாலோ அது கீரி. கீரி முட்டையை உடைக்கிற விதம் பார்க்க வேண்டியது. பெரிய முட்டையாக இருந்தால், முன்காலால் பிடித்துப் பின்காலுக்கு நடுவே கல்லிலோ சுவரிலோ வீசியடிக்கும். சுவர் ஓரம் சிதறின ஓடு கிடந்தால் சந்தேகப்படலாம்.

முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. குஞ்சு எச்சில் பட்டு நனைந்து, தலைப்பக்கம் ஒட்டிப்போய்ச் செத்துக் கிடந்தால், பாம்பு விழுங்க முயன்று துப்பிவிட்டுப் போனது என்று அர்த்தம். குஞ்சின் காலை மட்டும் கடித்து, கூட்டுக்குள் புது மண் தள்ளியிருந்தால் பெருச்சாளி.

ராத்திரிச் சாவுதான் பெரிய சாவு. கோழி ஒன்று மட்டும் காணோம், இறகு ஒரு தடமாக வாய்க்கால் பக்கம் போகிறது என்றால் நரி அல்லது காட்டுப்பூனை. காவிரி, கொள்ளிடம் படுகை நாணலில் இவை உண்டு. வெள்ளம் வரும்போது இடம் இழந்து கரையேறும், அப்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கோழிகள் தோட்டம் பூராவும் சிதறி, இறகு பிய்ந்து, தின்னாமலே கிடந்தால் நாய். தெருநாய்தான் என்று சொல்லாதீர்கள். அடுத்த வீட்டு நாயாகவும் இருக்கும், நம்ம வீட்டு நாயாகவும் இருக்கும். கூட்டுக்குள்ளேயே நாலைந்து கோழி செத்து, தலையும் கழுத்தும் மட்டும் தின்னப்பட்டு, கூரை ஓலை விலகியிருந்தால் மரநாய். பக்கத்தில் பழக்கொட்டையோடு கூடிய எச்சம் கிடைக்கும். வேகும் சோற்று வாசம் மாதிரி ஒரு வாசம்கூடச் சில சமயம் நிற்கும். பனைமரத்துக் கள் கலயத்தைத் தேடிப் போகிற அதே ஆசாமிதான் இவர்.

தின்னாமல் எதற்கு இத்தனையைக் கொல்லுகிறது, வெறியா என்று கேட்பார்கள். வெறி இல்லை. காட்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும், வேலை முடிந்தது. மூடின கூட்டுக்குள் மற்றவை தப்ப வழியில்லாமல் கண் முன்னாலேயே சிறகடித்துக்கொண்டிருக்கும். துடிக்கிறதைப் பிடி என்பது அதன் இயல்பு, துடிப்பு நிற்கும் வரை பிடிக்கும். அவ்வளவுதான்.

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? சல்லடையில் சலித்த சாம்பலைக் கூட்டைச் சுற்றி ரெண்டு முழ அகலத்துக்குத் தூவி வையுங்கள். காலையில் குனிந்து பாருங்கள். நாலு விரல், நகம் பதியவில்லை என்றால் பூனை. நாலு விரல், நகம் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. அஞ்சு விரல் என்றால் கீரி அல்லது மரநாய். பகலா ராத்திரியா என்பது அதில் எது என்று சொல்லிவிடும்.

இந்தச் சாம்பல் வித்தை தெரியாததால் நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மாவுக்கு ஒரே ராத்திரியில் பதினோரு கோழி போய்விட்டது. வாழைத் தோட்டத்தில் தினம் பார்க்கிற கீரி மேல் பழி விழுந்தது. வீட்டுக்காரர் செத்த கோழி ஒன்றில் பூச்சிமருந்துக் குருணையை வைத்து வேலியோரம் போட்டார். மறுநாள் கீரி செத்தது. கூடவே ரெண்டு காக்கை, அவர்கள் வீட்டு நாய். எட்டு நாள் கழித்து ராத்திரியில் மறுபடி மூணு கோழி போயிற்று. கூரை ஓலை விலகியிருந்தது. கீரி பகலில் வேட்டையாடி ராத்திரி வளையில் தூங்குகிற பிராணி. ராத்திரிக் கொலைக்கு அதைத் தண்டித்தாகிவிட்டது. அந்தத் தோட்டத்தில் எலி பிடித்துக்கொண்டிருந்ததும் அதுதான். நாயைப் புதைக்கும்போது அந்த வீட்டுப் பையன் அழுததை நான் சொல்ல வேண்டியதில்லை.

கீரி என்றதும் உலகத்தில் நடந்த ஒரு கதை ஞாபகம் வருகிறது. 1872-ல் ஜமைக்காத் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த எஸ்பியூட் என்ற வெள்ளைக்காரர், கரும்பை நாசம் செய்த எலியை ஒழிக்க இந்தியாவிலிருந்து 9 கீரிகளை வரவழைத்தார். நம்ம தோட்டத்துச் சாம்பல் கீரி இல்லை, அதற்குச் சின்ன ஜாதி. முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். எலி குறைந்தது. 1883-ல் ஹவாய்த் தீவுகளுக்கும் ஜமைக்காவிலிருந்து கொண்டுபோனார்கள். அப்புறம்தான் வினை தெரிந்தது. எலி ராத்திரி மேய்கிறது, கீரி பகலில் மேய்கிறது. பகலில் கைக்கு எட்டியதெல்லாம் போயிற்று: தரையில் முட்டையிடும் பறவை, பல்லி, கூடவே குடியானவன் வீட்டுக் கோழிக்குஞ்சு. இருபது வருஷத்துக்குள் ஜமைக்காவில் கீரியையே பீடை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜப்பானிலும் இதேதான். அமாமித் தீவில் விஷப்பாம்பை ஒழிக்க 1979-ல் சுமார் 30 கீரிகளை விட்டார்கள். அந்தப் பாம்பும் ராத்திரிப் பிராணி, கீரி அதைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. அந்தத் தீவில் வாழும் அபூர்வ முயலைத் தின்றது, ஆயிரக்கணக்கில் பெருகியது. பொறி வைத்தும் மோப்ப நாய் பழக்கியும், முற்றிலும் ஒழித்துவிட்டோம் என்று 2024-ல்தான் அறிவிக்க முடிந்தது. 45 வருஷ வேலை.

நம்ம ஊரில் கீரிக்குப் பயந்து எலியும் பாம்பும் அடங்கியிருக்கின்றன. அந்த முடிச்சை நாம் அவிழ்த்தால் அவதி நமக்கு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி, உடும்பு, சாரை எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. ஓவியத் தூரிகைக்காகக் கீரி முடியை வெட்டி விற்கிற வியாபாரம் பெருகியதால் 2002-ல் கீரிக்குப் பாதுகாப்பை இன்னும் உயர்த்தினார்கள். அடித்தாலும் பொறி வைத்தாலும் வழக்கு வரும், சிறையும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கண்ணி கட்டாதீர்கள்.

மின்சாரக் கம்பி இன்னும் மோசம். கோழிக்கூட்டைச் சுற்றியோ வேலியிலோ வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுப்பது சட்டப்படி குற்றம். மழை நாளில், இருட்டில், காலைக்கடனுக்குப் போகிறவர் மிதித்துச் செத்த செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வருகிறது. பல சமயம் செத்தது கம்பி கட்டின வீட்டு ஆளேதான்.

அப்படியானால் என்ன செய்வது? பாட்டி குடாப்பின் புத்தியை எடுத்துக்கொண்டு, காற்றோட்டத்தை மட்டும் நாம் சேர்த்துக்கொள்வோம்.

தரையிலிருந்து மூணடி உயரத்தில் நாலு கால் மேல் கூடு. ஒவ்வொரு காலிலும் ஒரு முழ அகலத்துக்கு வழவழப்பான தகரப் பட்டை சுற்றுங்கள். எலியும் பாம்பும் அதில் பிடி கிடைக்காமல் நழுவும். கூட்டுக்குப் பக்கத்தில் மரக்கிளையோ சாய்த்து வைத்த ஏணியோ இருக்கக்கூடாது. தகரம் சுற்றிவிட்டு ஏணியை எடுக்க மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடையில் அறுகோணக் கண்ணோடு விற்கிற கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியே இருப்பவனைத் தடுக்காது. நாய் பல்லால் கிழித்துவிடும். பக்கங்களுக்கு அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலை போடுங்கள். விலை கூடத்தான். பத்துக் கோழியின் விலையோடு வைத்துப் பாருங்கள். கூரை ஓலையாக இருந்தால் அதற்கு அடியிலும் வலை வேண்டும், மரநாய் வருகிற வழி அதுதான். கதவுக்கு வெறும் கயிறு போதாது, கொக்கியும் அதன் மேல் ஒரு ஆணியும் வேண்டும்.

தரையில் கூடு வைத்துத்தான் ஆக வேண்டும் என்பவர்கள், வலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஓரடி மடித்துப் புதையுங்கள். தோண்டி வருகிறவன் சுவரோரத்தில்தான் தோண்டுவான், வலையில் முட்டிக்கொண்டு விட்டுவிடுவான்.

சாயங்காலம் மிச்சத் தீவனத்தை அள்ளி மூடி வைக்கிற பழக்கம் ரொம்ப முக்கியம். சிந்தின குருணைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் நல்லபாம்பு வரும், வந்த இடத்தில் முட்டையும் இருக்கும். விடியற்காலையில் அடைக்கோழிக்கு அடியில் கைவிட்டு முட்டை எடுக்கும் தாய்மார்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கைவிடுங்கள். பாம்பு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வேப்பிலை எதற்கும் நேரம் செலவழிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பருந்துக்குப் பரிகாரம் நிழல். வெட்டவெளி முற்றத்தில்தான் அது இறங்கும். ஆமணக்கு, செம்பருத்தி, முருங்கைக் கன்று என்று கோழி ஓடி ஒளிய நாலு புதர் இருக்கட்டும். குஞ்சுகளை முதல் ஒரு மாசம் பஞ்சாரத்திலோ மேலே பழைய மீன்வலை கட்டின அடைப்பிலோ விடுங்கள். சில ஊரில் குஞ்சுக்கு ரோஸ் சாயம் பூசுவார்கள். அதை நம்பிப் பஞ்சாரத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். ஸ்ரீரங்கத்தைச் சுற்றியிருப்பவர்கள் கருடனைக் கல்லால் அடிக்க மாட்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள். அவர்களுக்கு இந்தப் புதரும் வலையும்தான் சரியான வழி.

கோபுர மாடங்களிலும் பாழடைந்த சுவர்களிலும் குடியிருக்கிற கூகையைக் கோழித் திருடன் என்று விரட்டுகிறார்களே, அதை நிறுத்துங்கள். அதற்கு முக்கியத் தீனி வயல் எலி.

கடைசியாகச் சேவல் விஷயம். எத்தனை கோழி இருந்தாலும் ஒரு நல்ல சிறுவிடைச் சேவலைச் சேர்த்து வையுங்கள். வானத்தில் பருந்து தெரிந்தால் சேவல் மெலிதாக, நீட்டி ஒரு குரல் கொடுக்கும். உடனே கோழிகள் பதுங்கும். தரையில் கீரியோ நாயோ வந்தால் குரல் வேறு, விட்டு விட்டுக் கொக்கரிக்கும். கோழிகள் தலையை நிமிர்த்தி நின்று பார்க்கும். ரெண்டும் வேறு வேறு எச்சரிக்கை என்பதை விஞ்ஞானிகள் சோதனை செய்தே நிரூபித்திருக்கிறார்கள். நாலு நாள் கவனித்தால் உங்கள் காதுக்கும் வித்தியாசம் பிடிபடும். மெலிசுக் குரல் கேட்டால் வானத்தைப் பாருங்கள், கொக்கரிப்புக் கேட்டால் கையில் ஒரு தடியோடு வேலிப்பக்கம் போங்கள். இருட்டினால் அந்தச் சேவலும் குருடுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் கோழியை எண்ணி, கதவைப் போட்டு, கொக்கியை மாட்டிவிட்டு வந்து சாப்பிட உட்காருங்கள்.